அண்ணாவின் ஃபைலோடு கிளாஸ்கோவுக்கு

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு தானாக விலகியதுதான் தாமதம், குளிர் முகத்தில் அறைந்தது. வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன்காரர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது ஒரு வெண்புகை வந்து முகத்தில் படுமே, அந்தப் பெட்டிக்குள் ஒரு முழு நகரத்தையே இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மூக்கு நுனி இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன். கைக்கடிகாரத்தில் காலை எட்டு மணி. வெளியே கும்மிருட்டு. தெருவிளக்குகள் மஞ்சளாக எரிகின்றன, பிள்ளைகள் புத்தகப் பையோடு அந்த இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள்!

"தை மாசத்தில இங்க எட்டேமுக்காலுக்குத்தான் விடியும் சித்தப்பா. பின்னேரம் நாலு மணிக்கு இருட்டிடும்" என்றாள் பெறாமகள், என் அண்ணாவின் மகள். வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும் கொழும்பில் அறுபது வருடம் வாழ்ந்தவன் நான். சூரியன் இப்படிக் கஞ்சத்தனமாக வேலை செய்யும் ஊரும் பூமியில் இருக்கிறதா!

என் பெட்டியில் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பயற்றம் பணியாரம் எல்லாம் இருந்தன. கைப்பையில் ஒரு நீல மட்டை ஃபைல். அவள் தொலைபேசியில் மூன்று தரம் நினைவூட்டியது அந்த ஃபைலைத்தான். "அப்பாவின்ர ரிப்போட்டுகளில ஒண்டையும் விடாமல் கொண்டு வாங்கோ." அவள் இங்கே ஒரு வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அண்ணா நுரையீரல் புற்றுநோயில் போய் இரண்டு வருடம். அவர் போனபோது அவள் இங்கே இருந்தாள். டிக்கெட் போட்டிருந்தாள், ஆறு கிழமை தள்ளி.

அண்ணாவின் வாழ்க்கையில் பாதி கொட்டாஞ்சேனையில் கழிந்தது. சாந்த லூசியா தேவாலயத்தின் மணி கேட்கும் ஒழுங்கையில் சின்ன வீடு. வேலை துறைமுகப் பண்டசாலையில். கப்பல் எண்ணெய் மணமும் சிகரெட் மணமும் கலந்துதான் அவர் வீட்டுக்குள் நுழைவார். பிறகு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளட்டுக்கு மாறினோம். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், அண்ணாவின் இருமலும் அதோடு சேர்ந்து அதிரும். கடைசி வருடம் ரயில் போன பிறகும் இருமல் நிற்கவில்லை.

ஃபைலை அவள் உடனே திறக்கவில்லை. "முதல்ல ஊரைப் பாருங்கோ. ராவைக்கு இருந்து பாப்பம்" என்று அலுமாரியில் வைத்துவிட்டாள். வீட்டுக்குள்ளே என்ன சூடு! சுவரோரம் ஒரு இரும்புத் தகடு, அதற்குள் கொதிநீர் ஓடுகிறதாம். துவைத்த உடுப்பை அதன் மேலேயே காயப் போட்டிருக்கிறாள். எங்கள் மொட்டைமாடிக் கொடியில் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்கிற சட்டை, இங்கே இரண்டு நாள் தவம் கிடக்க வேண்டும். தேத்தண்ணி தந்தாள். இலங்கைத் தேயிலை. இந்தக் கிளாஸ்கோவில் பிறந்து மளிகைக்கடை நடத்திய தோமஸ் லிப்டன்தான் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர். கண் ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள லிப்டன் சுற்றுவட்டத்தை எத்தனை ஆயிரம் தரம் தாண்டியிருப்பேன், அந்தப் பெயர் பிறந்த ஊரில் உட்கார்ந்து எங்கள் மலையின் சாயத்தை ஊதி ஊதிக் குடிப்பேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

விடிந்த பிறகு (விடிவு என்று சொல்வதா, இருட்டுக்குள் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கிய நிறம்) வெளிக்கிட்டோம். பஸ்ஸில் நான் கண்ட அதிசயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இறங்குகிற ஒவ்வொருவரும் சாரதியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். கிழவி, பள்ளிப் பையன், காதில் வளையம் போட்ட இளைஞன், எல்லோரும்! காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கால் தரையில் படுமுன் வண்டி நகர்ந்துவிடும். நன்றி சொல்ல நினைத்தால் அடுத்த தரிப்பில்தான் சொல்ல வேண்டும். நானும் இறங்கும்போது சொன்னேன். சாரதி ஏதோ நீளமாகப் பதில் சொன்னார். ஆங்கிலம்தானாம். அதில் ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் அன்பாகச் சொன்னார் என்பது பிடிபட்டது.

பிறகு சுரங்க ரயில். 1896இல் ஓடத் தொடங்கியது. பொம்மை ரயில் மாதிரி குட்டிப் பெட்டிகள், பதினைந்து நிலையங்கள், வட்டமாக ஒரே சுற்று. இருபத்துநாலு நிமிடத்தில் ஏறின இடத்துக்கே வந்து சேரலாம். நிலையத்துக்குள் ஈரமண்ணும் பழைய இரும்பும் கலந்த ஒரு மணம். துறைமுகப் பண்டசாலையின் மணம். அண்ணா பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

புக்கனன் வீதியில் வெளியே வந்தோம். பெரிய பெரிய கல்மாளிகைகள், கடைகள். இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டேன். அண்ட்ரூ புக்கனன், பதினெட்டாம் நூற்றாண்டுப் புகையிலை வியாபாரி. பக்கத்தில் கிளாஸ்ஃபர்ட் வீதி, அதுவும் ஒரு புகையிலை வியாபாரியின் பெயர். வேர்ஜீனியா வீதி, புகையிலை வந்த நாட்டின் பெயர். அமெரிக்காவில் அடிமைகள் விளைவித்த புகையிலையை இறக்குமதி செய்து ஐரோப்பாவுக்கு விற்று எழும்பிய நகரம் இது. நவீன ஓவியக்கூடமாக இருக்கும் பெரிய தூண்மாளிகைகூட முதலில் 1778இல் ஒரு புகையிலைச் செல்வந்தர் கட்டிய வீடு. வாசலில் குதிரைமேல் வெலிங்டன் பிரபு சிலை. சிலையின் தலையில் வீதித் திருத்தவேலைக்கு வைக்கும் செம்மஞ்சள் கூம்பு! நகரசபை எடுக்க எடுக்க ஊர்ச்சனம் திரும்பத் திரும்பக் கவிழ்த்துவிடுகிறதாம். எங்கள் ஊரில் தலைவர்களின் சிலைக்கு மாலைதான் விழும். குளிரில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், வாயிலிருந்து புகை வந்தது. அந்தப் புகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதே மாதிரிதான் அண்ணாவின் வாயிலிருந்தும் வரும், நாற்பது வருடம்.

புகையிலையில் பணக்காரனான ஊர், பிறகு கிளைட் நதியில் கப்பல் கட்டிய ஊர். கப்பலுக்குள் அஸ்பெஸ்டஸ், வீட்டுக்குள் நிலக்கரிப் புகை, சட்டைப்பையில் சிகரெட். இவ்வளவும் சேர்ந்தால் நெஞ்சுக்கு என்ன ஆகும்? 1957இல் காசநோயைத் தேடி ஐந்து கிழமைக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்துக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள் இந்த நகரத்தில். நெஞ்சு நோய் இங்கே ஒரு வீட்டுச் செய்தி இல்லை, ஊர்ச் செய்தி. 2006 மார்ச்சில் பிரித்தானியாவிலேயே முதலாவதாகப் பொது இடக் கட்டடங்களுக்குள் புகைப்பதைத் தடைசெய்ததும் ஸ்கொட்லாந்துதான்.

ஹை வீதியால் மேலே ஏறினோம். ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஓவியம்: கம்பளித் தொப்பி போட்ட ஒரு மனிதர், அவர் விரலில் ஒரு சின்னக் குருவி. ஊரின் காவல் புனிதர் மங்கோவாம், இன்றைய ஏழை மனிதரின் முகத்தில். அதைத் தாண்டியதும் காற்றில் ஒரு மணம், அம்மா சுகமில்லாதவர்களுக்குப் பார்லி அவிக்கும்போது குசினியில் எழும்புமே, அதே மணம். பக்கத்தில் ஒரு பெரிய பியர் ஆலை. இன்னும் மேலே பச்சைக் கூரையோடு பழைய தேவாலயம், அதன் தோளோடு தோளாக, மழையில் கறுத்த கல்லில், ஒரு கோட்டைபோல ரோயல் இன்ஃபேர்மரி வைத்தியசாலை.

"இதைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள்.

1865 ஓகஸ்டில் ஜோசஃப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இங்கேதான், வண்டிச் சில்லு ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த பதினொரு வயதுப் பையனின் புண்ணுக்குக் கார்போலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டிவிடுவார்கள். பையன் கால் இரண்டோடும் வீட்டுக்கு நடந்தான். 1896இல், ரொண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்துச் சில மாதங்களுக்குள், ஜோன் மக்கின்டயர் என்ற மருத்துவர் உலகின் முதல் எக்ஸ்ரே பிரிவுகளில் ஒன்றைத் தொடங்கியதும் இங்கேதான். "மூண்டாவது கதைதான் அப்பாவின்ர ஃபைலுக்குரியது" என்று சொல்லிவிட்டு, என்னை மலைமேல் சவக்காலைக்கு ஏற்றினாள்.

சவக்காலை என்றால் கொழும்பின் கனத்தை மயானம்தான் எனக்கு நினைவு வரும். இது வேறு. 1833இல் திறந்த ஒரு குன்று, ஐம்பதாயிரம் பேர் உறங்குகிறார்களாம், கல்தூண்களும் தேவதைகளும் பாசி படர்ந்து நிற்கின்றன. ஒரு மான் கல்லறைகளுக்கிடையே நின்று எங்களைப் பார்த்தது! மூன்றரை மணிக்கே வானம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. கீழே வைத்தியசாலை யன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. ஒருவருமே பேசவில்லை. அவளுடைய கையுறைக்குள் என் கையையும் விட்டு வைத்திருந்தாள், சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் தேர் பார்க்கப் போகும்போது நான் அவள் கையைப் பிடித்திருந்ததுபோல.

இரவு, சோறும் சொதியும் சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். தாள்களைத் திகதி வரிசைப்படி பரப்பினாள்.

கொழும்பில் எஃப்.பி.சி. என்ற இரத்த அணுக் கணக்கு ரிப்போட்டைப் பார்க்கத் தெரியாத வீடு இல்லை. டெங்குக் காலத்தில் காய்ச்சல் வந்த பிள்ளையின் தாளைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் ஒரே வரிக்குத்தான் ஓடும்: பிளேட்லெட் எத்தனை? ஒரு லட்சத்துக்குக் கீழே போய்விட்டதா? அண்ணாவின் தாள்களையும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பிளேட்லெட் நன்றாக இருக்கிறது, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, சரி, லாச்சிக்குள் வை.

அவள் பென்சிலால் நான் ஒரு நாளும் பார்க்காத இரண்டு வரிகளுக்குக் கீழே கோடு போட்டாள். நியூட்ரோஃபில் 82 வீதம். லிம்போசைட் 10 வீதம்.

"வெள்ளணுக்களில இது ரெண்டு சாதி சித்தப்பா. நியூட்ரோஃபில் நெருப்பணைக்க ஓடுற முதல் படை. லிம்போசைட்தான் புற்றை அடையாளம் கண்டு அடிக்கிற படை. இதை அதால பிரிச்சால் எட்டுக்கு மேல வருது. சுகமான ஆக்களுக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டுக்குள்ளதான் இருக்கும். இந்த விகிதம் கூடக் கூட நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு நாள் குறையிறதெண்டு கன ஆய்வுகள் சொல்லுது."

பிறகு வேறு இரண்டு தாள்கள். சி.ஆர்.பி. 64. அல்புமின் 29.

சி.ஆர்.பி. எங்களுக்கும் தெரிந்த பெயர்தான், காய்ச்சல் நிற்காவிட்டால் டொக்டர் எழுதிக் கொடுப்பார். அதன் கதை எனக்குத் தெரியாது. 1930இல் அமெரிக்காவில் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியாக் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் அது. உடம்பில் எங்கே நெருப்புப் பிடித்தாலும் ஈரல் அதை அள்ளி இறைக்கும். அழற்சி என்கிற சொல்லை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அதற்குள் அழல் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது என்பது அந்த மேசையில்தான் உறைத்தது. புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைப் பார்த்து, அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஜேர்மனியில் வீர்கோ என்ற மருத்துவர் 1863இலேயே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது கதையை அப்போதுதான் சொன்னாள். நாங்கள் பகலில் பார்த்த அதே வைத்தியசாலையின் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சைத் துறையில் டொனால்ட் மக்மில்லனும் கூட்டாளிகளும், வெட்டி எடுக்க முடியாத நிலையில் இருந்த 161 நுரையீரல் புற்றுநோயாளரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். இரண்டே இரண்டு பரிசோதனை. சி.ஆர்.பி. லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலே போனால் ஒரு புள்ளி. இரத்தப் புரதமான அல்புமின் லீற்றருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கினால் ஒரு புள்ளி. பூச்சியம், ஒன்று, இரண்டு, அவ்வளவுதான் கணக்கு. புள்ளி ஏற ஏற ஆயுள் குறைந்தது. 2003இல் வெளியிட்டார்கள், இந்த ஊரின் பெயராலேயே உலகம் அதை அழைக்கிறது: கிளாஸ்கோ முன்கணிப்புப் புள்ளி.

எனக்கு மெய்சிலிர்த்தது. கட்டி எத்தனை சென்ரிமீற்றர், எங்கே பரவியது, ஸ்கானில் என்ன தெரிகிறது என்பதைத்தான் நாங்கள் வீடு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தோம். கட்டியைச் சுமக்கிற மனிதனின் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்க, கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம்; எந்தச் சின்ன ஆஸ்பத்திரியும் செய்யும் பரிசோதனை போதும். மஹரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிற எங்கள் சனத்துக்கு இதைவிடக் கைக்கெட்டிய அளவுகோல் எது? அந்தத் தாள் பெரும்பாலும் அவர்கள் பையிலேயே இருக்கும்.

அவள் மூன்று மாதம் முந்திய ஒரு தாளை எடுத்தாள். சாதாரண இருமல் என்று நினைத்திருந்த காலம். சி.ஆர்.பி. 22, அல்புமின் 37. "ஒண்டு" என்று ஓரத்தில் எழுதினாள். மற்றதில் "ரெண்டு" என்று எழுதினாள். பென்சிலை வைத்துவிட்டு வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அப்ப ஆராவது எனக்கு அனுப்பியிருந்தால், நான் டிக்கெட்டை மாத்தியிருப்பன் சித்தப்பா."

நான் என்ன சொல்ல? தாள்களைப் பூட்டி வைத்தவன் நான்தான். பிறகு அவளே சொன்னாள், பரிசோதனைக்கூடத்துக் குரலில், நிதானமாக. இந்த எண் திகதி சொல்லாது. நூற்றுக்கணக்கான பேரைக் கூட்டமாகப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஒரு தனி மனிதரின் தலையில் எழுதிவிட முடியாது. இரண்டு புள்ளியோடு நீண்டநாள் இருந்தவர்களும் உண்டு. சளி பிடித்தாலும், காசநோய் இருந்தாலும், சி.ஆர்.பி. ஏறும். ஸ்டீரோய்ட் மாத்திரை கொடுத்திருந்தால் நியூட்ரோஃபில் தானாகக் கூடும், "அந்தக் கிழமை அப்பாவுக்குக் குடுத்தவையோ?" என்று ஃபைலை மீண்டும் புரட்டினாள். கொடுத்திருந்தார்கள். அந்த எட்டைச் சுற்றி ஒரு கேள்விக்குறி போட்டாள். அவளுடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப நெருப்பை அணைச்சால் புற்றும் அடங்குமோ?" என்று கேட்டேன்.

அதையும் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்குக் கனகினுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்தைக் கொடுத்த ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறைந்ததாக 2017இல் தெரியவந்து உலகமே நிமிர்ந்து உட்கார்ந்ததாம். பிறகு முற்றிய புற்றுநோய்க்காரருக்கே கொடுத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் இரத்த எண்களுக்குப் புது வேலை வந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும் புதிய சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்று பார்க்க, வெள்ளணுக் கணக்கையும் எல்.டி.எச். என்ற நொதியையும் சேர்த்த ஒரு சுட்டெண்ணை 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கும் பூச்சியம், ஒன்று, இரண்டுதான்.

மணி பதினொன்று. யன்னலுக்கு வெளியே ஏதோ வெள்ளையாக மிதந்தது. பனி! தேங்காய்த் துருவலை யாரோ மேலேயிருந்து தூவுவதுபோல, சத்தமே இல்லாமல். எழும்பிப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.

பின்னால் அவள் கேட்டாள். "அம்மா கடைசி மாதம் அப்பாவுக்கு என்ன சாப்பாடு குடுத்தவ?"

எல்லாம் கொடுத்தா. பாற்கஞ்சி, முட்டை, சூடைமீன் சொதி, ஆட்டுக்கால் சூப். கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கெஞ்சுவா. அண்ணா இரண்டு வாயோடு முகத்தைத் திருப்புவார். தோள் எலும்பு தெரிய மெலிந்துபோனார். இந்த இரண்டு வருடமாக அண்ணி ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா: "நான் ஒழுங்காச் சாப்பாடு குடுத்திருந்தால் அந்த மனுசன் இன்னும் கொஞ்சநாள் இருந்திருக்கும்."

"இல்லை" என்றாள். அல்புமின் என்று எழுதிய வரியில் விரலை வைத்தாள். "இது இறங்கினது சாப்பாட்டால மட்டுமில்லை சித்தப்பா. நெருப்பு எரியேக்க ஈரல் சி.ஆர்.பி.யைச் செய்யிறதிலயே நிக்கும், அல்புமின் செய்யிற வேலை பின்னுக்குப் போயிடும். இருக்கிறதும் இரத்தக் குழாய்க்கு வெளியில கசிஞ்சு போகும். கிளாஸ்கோக்காரர் பிறகு கணக்கைத் திருத்தினவை, சி.ஆர்.பி. ஏறாமல் அல்புமின் மட்டும் குறைஞ்சிருந்தால் புள்ளியே இல்லை." பக்கத்து எடின்பரோவில் கென் ஃபியரன் என்ற பேராசிரியர் தலைமையில் 2011இல் உலக நிபுணர்கள் கூடி எழுதியதையும் சொன்னாள். புற்றுநோயில் தசை கரைந்து போவதைச் சாப்பாட்டால் மட்டும் முழுக்கத் திருப்ப முடியாது.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொழும்பில் விடிய ஐந்து மணி ஆகும்வரை காத்திருந்தோம். அண்ணி அந்த நேரம் எழும்பி விளக்கேற்றுவா. பதினொன்றேமுக்காலுக்கு அழைத்தோம். "என்ன தம்பி, அங்க குளிரோ? கம்பளிச் சட்டை போட்டனீங்களே?" என்று அண்ணி கேட்டது முடியுமுன் தொலைபேசிக்குள் எங்கள் கடற்கரை ரயில் தடதடவென்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்வதுகூடக் கேட்டது. ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, பெறாமகள் தொடங்கினாள்.

"அம்மா, அப்பா மெலிஞ்சது உங்கட சாப்பாட்டால இல்லை. நான் ஒரு கணக்குச் சொல்லுறன், பொறுமையாக் கேளுங்கோ."